அட்டவணையில் பன்னிரண்டு குழந்தைகள்

மார்ச் 4

மன்னித்துக்கொள் டைரியே, உன்னைத் திறக்க இன்றும் இவ்வளவு நேரமாகிவிட்டது. பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது; வீட்டை இரண்டாக்கிவிட்டுத்தான் தூங்கினாள்.

குழந்தைக்காக நான் வேலையை விட்ட கம்பெனியின் பேட்டண்ட் விண்ணப்பம் இன்று வெளியாகியிருக்கிறது. பச்சைக் குழந்தையின் தோலில் வெளிச்சம் பாய்ச்சிக் காமாலையை அளக்கும் மீட்டர். முனையில் ஸ்பிரிங் வைத்து மெல்ல அழுத்தினால் ரத்தம் ஒதுங்கி மஞ்சள் மட்டும் தெரியும் — அது என் யோசனை. கண்டுபிடித்தவர்கள்: முதலாளி, அவருடைய மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒரே ஸ்பிரிங் பேனாவுக்குள் இருப்பது.

மார்ச் 5

முதலாளிக்குப் போன் செய்து, என் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேன். "நீ அப்ப பிரசவ லீவுல இருந்தியேம்மா, தொந்தரவு பண்ண வேணாம்னுதான்." என்ன கரிசனம்! ஏன் கத்தவில்லை நான்? போனை வைத்த பிறகுதான் எனக்கு வாயே வருகிறது.

மார்ச் 7

"விட்டுத் தொலையேன்" என்கிறார் வீட்டுக்காரர். விடமாட்டேன். அந்த மாப்பிள்ளை நாலு பேர் முன்னால் முழிக்க வேண்டும். நான் பார்க்க வேண்டும்.

மார்ச் 9

விண்ணப்பத்தின் அட்டவணையை இன்றுதான் உற்றுப் பார்த்தேன். 'பன்னிரண்டு குழந்தைகளிடம் எடுத்த அளவுகள்.' எடை 2.91, 2.84, 2.79, 2.80... ஐயோ, இது என் பாப்பா! பிறந்த முதல் பன்னிரண்டு நாளும், காமாலை ஏறிவிடுமோ என்ற பயத்தில் வீட்டில் அளந்து நோட்டில் எழுதியது. அந்தப் பக்கத்தை அப்போதே படமெடுத்து ஆபீஸுக்கு அனுப்பியிருந்தேன். படத்தில் மேலே 'நாள்' என்ற தலைப்பு வெட்டுப்பட்டிருந்தது. மாப்பிள்ளை ஒன்று, இரண்டு, மூன்று என்று குழந்தைகளை எண்ணியிருக்கிறான். மடையன்! ஒரு பிள்ளையை வைத்து ஒரு வார்டையே நிரப்பிவிட்டான்.

மார்ச் 10

சிரிப்பெல்லாம் போய்விட்டது. வெளியே சொன்னால் நானும் மாட்டுவேனோ? யாரையும் கேட்காமல் மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். பெற்ற பிள்ளையை வைத்துச் சோதனை செய்தாளாம் என்பார்களே.

மார்ச் 19

முதலாளியே கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. அந்தக் குழந்தைகளின் பெற்றோர் சம்மதக் கடிதங்களைப் பேட்டண்ட் ஆபீஸ் கேட்கிறதாம்.

"அந்த அம்மாக்களை உனக்குத்தானேம்மா தெரியும்? கையெழுத்து வாங்கிக் குடுத்துடேன். மாப்பிள்ளை பாவம், திணறுறார்."

"எத்தனை பேர் சார்?"

"பன்னெண்டு."

"நல்லா எண்ணிட்டீங்களா?"

"என்னம்மா, விளையாடுறியா?"

"இல்ல சார். நானே நேரா பேட்டண்ட் ஆபீஸுக்கு அனுப்பிடறேன். உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு?"

"நீ நல்லா இருப்பேம்மா!"

வாழ்த்து வேறு.

மார்ச் 20

வீட்டுக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாப்பா பிறந்த தேதியையும் போடு" என்றார்.

அனுப்பியதன் நகல்:

'ஐயா, அட்டவணையில் உள்ள பன்னிரண்டு குழந்தைகளுக்கும் தாய் நான் ஒருத்திதான். குழந்தையும் ஒன்றுதான்; அந்தப் பன்னிரண்டும் அவள் பிறந்த முதல் பன்னிரண்டு நாட்கள். பிறந்த தேதிக்குச் சான்றிதழ் இணைத்திருக்கிறேன். கேட்காமல் மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். அதில் ஸ்பிரிங் வைத்தவளும் நான். அசல் நோட்டு என்னிடம் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் கொண்டுவருகிறேன். தயவுசெய்து விரைவில் பதில் எழுதுங்கள்.'