வயிற்றுத் தோலில் வெட்டிய வார்

21 நவம்பர் 1985, வியாழன்

காலையிலிருந்து மழை. ஆம்பூர் ரோடெல்லாம் சேறு. ஃபாக்டரியில் ஈரத்தோல் காயவே இல்லை. மானேஜர் என்னைப் பார்த்துக் கத்துகிறார், மழையை நான் வரவழைத்த மாதிரி.

மெஷின் பொருத்த வெளிநாட்டிலிருந்து வந்த வில்சன் சார் தன் சிப்பாய் ஆட்டத்துக்குக் கேட்டிருந்த அளவு வார் நான்கும் வெட்டியாகிவிட்டது. மர ஸ்கேல் வைத்து அளந்தால் இடித்து ஈயச் சிப்பாய்கள் விழுந்துவிடுகிறார்கள். தோல் வார் என்றால் வளைந்து நடுவில் புகும். நீளம் ஆறு அங்குலம். ஒரு முறைக்கு நகரும் தூரம்: மூன்றாவது அங்குலத்தில் கறுப்புக் கோடு காலாளுக்கு, நான்காவதில் சிவப்பு யானைக்கு, முழு நீளம் குதிரைக்கு. கழிவுக் கூடையில் கைக்கு வந்ததை எடுத்து, சங்கு ஊதுவதற்குள் முடித்தேன்.

ஃபினிஷிங் செக்‌ஷன் ரஃபி எட்டிப் பார்த்தான். "எந்த பீஸ்லடா வெட்டுற?"

"எதுல வெட்டுனா இன்னா? ஆறு அங்குலம் ஆறு அங்குலம்தான்."

"படிச்சவன் சொல்ற, சரியாத்தான் இருக்கும்" என்று போய்விட்டான். வேலை நேரத்தில் ஊர்சுற்றி.

22, வெள்ளி

தூறல். சட்டை காயவில்லை.

வி. சார் டிசம்பரில் ஊருக்குப் போகிறார். தோல் பிளக்கும் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது, அவர் வேலை முடிந்தது. சிப்பாய்ப் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகமாட்டாராம். நாளையும் மறுநாளும் போட்டி, ஜெயிக்கிறவருக்குப் பெட்டி.

எனக்கு வேண்டும். ரோமானியர் கேடயங்களில் பாதிக்கு மேல் நான் பெயின்ட் அடித்தது. இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதில் இருக்கின்றன.

போட்டிக்கு நான்கு பேர். நான், ரஃபி, கணக்கு வாத்தியார் ஜெயராஜ், ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டர். சிஸ்டர் ஜனவரியில் குவைத் போகிறார். அவர் ஜெயித்தால் பெட்டியும் குவைத். அதோடு இந்த ஊரில் ஆட்டம் காலி.

அக்கா சோறு போடும்போது: "இருபத்தஞ்சு வயசுல பொம்மை வச்சு விளையாடப் போறியா?" இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமானியப் படை, எதிரே கார்த்தேஜ் யானைப் படை, முறை வைத்து அளந்து நகர்த்தி, முட்டினால் பகடை போட்டு முடிவு என்று விளக்கினேன்.

"அதான். பொம்மை."

விளக்கினது வீண்.

23, சனி

மழை விடவில்லை. ரஃபியோடு வேலூர் பஸ். பள்ளிகொண்டாவில் ஒரு டீ. நனைந்துகொண்டே சத்துவாச்சாரியில் வி. சார் வீடு. கூடத்தில் இரண்டு கதவுப் பலகையைச் சேர்த்துப் பச்சைத் துணி. ஆளுக்கு ஒரு வார் கொடுத்தார்.

ஜெயராஜ் வாத்தியாரைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன். ஒவ்வொரு பகடைக்கும் வாய்ப்புக் கணக்கு சொல்கிறார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தோற்றார்.

பக்கத்து ஆட்டம் ஆமை வேகம். சிஸ்டர் யோசிக்கும்போது வாரை மணிக்கட்டில் சுற்றிப் பல்லால் கடித்து இழுக்கிறார். ஊசி போடுமுன் கையில் ரப்பர் கட்டுகிற பழக்கம். பார்க்கவே எரிச்சல்.

ரஃபி: "சிஸ்டர், எனக்கு ஊசி போடப் போறீங்களா, குதிரையை நகர்த்தப் போறீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அசையாம இருங்க, வலிக்காது."

கடைசியில் ரஃபி காலி. பஸ்ஸில் ஒரே புலம்பல்: "அந்தம்மா குதிரைக்கு மட்டும் கால் ஜாஸ்தியா இருக்குடா." தோற்றவன் பேச்சு என்று நான் காதில் வாங்கவில்லை.

நாளை நானும் சிஸ்டரும்.

24, ஞாயிறு

மழை நின்றது, வெயில் இல்லை. சிஸ்டர் கோயில் ஆராதனை முடிந்து வந்தபின் ஆட்டம். காசு சுண்டியதில் எனக்கு ரோம், அவருக்கு யானைகள்.

நடுவில் காலாட்படை நான்கு வரிசை, பக்கம் பக்கமாக, இடைவெளியே இல்லாமல். இடது ஓரத்தில் ஈட்டிக்காரர்கள். எதிரே அவருடைய குதிரைகள். என் வாரால் அளந்து, ஆறுக்கு வெளியே கால் அங்குலம் தள்ளித்தான் ஈட்டிக்காரர்களை நிறுத்தினேன். தொட முடியாது.

தொட்டார். வாரை வைத்தார், நுனி என் ஈட்டிக்காரன் காலடியில். பகடையும் அவர் பக்கம். இடது ஓரம் மொத்தமும் ஓட்டம்.

"அது ஆறு இல்ல" என்றேன்.

"கோடு போட்டுக் குடுத்ததே நீங்கதான தம்பி."

சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். என் வார் ஆறு. சிஸ்டர் வார் ஆறரை. அப்புறம் ரஃபி வாரை வாங்கி இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தான். சிரித்தான் பாருங்கள், கூடமே அதிர்ந்தது.

"வயித்துத் தோல்டா இது! ஈரமாக்கி இழுத்தா ரப்பர் மாதிரி வரும். அன்னைக்கே கேட்டேன், எந்த பீஸ்னு. இதுக்கு ஒரு லெதர் டிப்ளமோ வேற."

முதுகுத் தோல் இழுபடாது, வயிறு இழுபடும். முதல் வருஷப் பாடம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எனக்கு வந்தது முதுகு, அவருக்குப் போனது வயிறு. வேண்டுமென்று செய்யவில்லை, பார்க்கவே இல்லை.

வி. சார் விதியைப் படித்தார். கையில் இருக்கும் வார்தான் அளவு, நடந்தது நடந்ததுதான். பெட்டி குவைத்துக்கு என்று மனதில் எழுதிவிட்டேன்.

சிஸ்டர் மணிக்கட்டில் சுற்றியிருந்ததை அவிழ்த்துப் பார்த்தார். "நான்தான இழுத்திருக்கேன்." அவரே குதிரைகளைப் பழைய இடத்தில் வைத்தார், என் ஈட்டிக்காரர்களையும் நிமிர்த்தினார். "நரம்பு கிடைக்கலைன்னா ஊசியை எடுத்துட்டுத் திரும்பத்தான் குத்தணும். ஸ்கேலைக் குடுங்க."

ரஃபி: "என் ஆட்டத்தையும் திரும்ப வைங்க சிஸ்டர்!"

"உங்களுக்கு ஸ்கேல் வச்சாலும் அதே கதிதான் தம்பி."

ஸ்கேல் வைத்ததில் குதிரைகள் எட்டவில்லை. கால் அங்குலம் முன்னால் வெட்டவெளியில் நின்றன. என் முறை.

ஈட்டிக்காரர்களை எறியவிட்டு ஒரு முறை சும்மா இருந்தால் போதும். இப்போது தெரிகிறது. அப்போது கண்ணில் குதிரைதான். ஒரேயடியாக முடித்துவிட வேண்டும் என்று நடுவிலிருந்து இரண்டு வரிசையை இடது பக்கம் திருப்பினேன். ஜெயராஜ் வாத்தியார் "ச்சு" என்றார். அதற்கும் நிற்கவில்லை.

சிஸ்டர் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஸ்டீலை மணிக்கட்டில் சுற்ற முடியாது, சும்மா தட்டிக்கொண்டிருந்தார். பிறகு யானை. நான்கு அங்குலம். நான் திறந்துவிட்ட இடைவெளி வழியாக மூன்று யானையும் உள்ளே. மிச்சத்தை எழுத ஒன்றுமில்லை.

ரஃபி பஸ்ஸில்: "வாரும் நீ வெட்டினது, வழியும் நீ விட்டது."

சொல்லிவிட்டு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தான். சாப்பிட்டேன்.

விசித்திரம், தூக்கம் நன்றாக வருகிறது. வாரில் தோற்றிருந்தால் வந்திருக்காது.

25, திங்கள்

நல்ல வெயில். தோல் எல்லாம் மாடியில் காய்கிறது. மானேஜர் அமைதி.

சிஸ்டருக்கு ஒரு சாக்குப் பை நிறைய தோல் சீவல் எடுத்து வைத்தேன், பெட்டியில் சிப்பாய்களுக்கு இடையில் அடைக்க. கப்பலோ விமானமோ, கேடயத்தில் பெயின்ட் உதிரக்கூடாது. நேற்றுக் கிளம்பும்போது கேட்டுப் பார்த்தேன், அங்கே யாரோடு ஆடுவீர்கள் என்று.

"ரூம்ல இன்னும் மூணு நர்ஸுங்க இருப்பாங்களாம். சாயந்தரமானா செவுத்தப் பார்த்துட்டு இருக்கணும்னு எழுதுறாங்க. கத்துக்குடுத்துட மாட்டேன்?"

கற்றுக்கொடுத்துவிடுவார். மெதுவாக.

புது வார் வெட்டினேன். இந்தத் தடவை முழுத் தோலையும் விரித்து, முதுகெலும்புக் கோட்டை ஒட்டி. ஈரமாக்கி, இழுத்து, காயவைத்து, அளந்தேன். ஆறு. அங்கே காற்று வறட்சி, எண்ணெய் போடாவிட்டால் விறைத்துச் சுருங்கும். மாதம் ஒரு தடவை தேங்காய் எண்ணெய். சொல்ல வேண்டும்.

அதே இடத்தில் இன்னொரு வாரும் வெட்டிக்கொண்டிருந்தபோது ரஃபி.

"இது யாருக்கு? சிப்பாய்ங்களே குவைத் போகுது, அளக்குறதுக்கு வாரு மட்டும் இன்னாத்துக்கு?"

பழைய பேட்டரிக் கடையில் உருக்கி ஊற்ற ஈயம் கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னேன்.