ஜன்னலைத் திறந்தவனின் கழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம், கழுத்துதான் இடப்பக்கம் திரும்பாது.

இந்த நெகோட்டின் ஊரில் நாற்பத்தொரு டிகிரி வெயில். பருவநிலை மாறிவிட்டது, இரவில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் வரைபடம் போட்டு விளக்கினேன். என் வீட்டுக்கார அம்மாள் தெசாங்கா எழுந்தாள்.

"வெயில்ல யாரு தம்பி செத்தா? குறுக்குக் காத்து பட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு போனாரு!"

கைத்தட்டல் அவளுக்கு. மறுநாள் அடைத்த வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். அப்போதும் திறக்கவில்லை.

நான் வீம்புக்கு என் ஜன்னல்களைத் திறந்துவைத்துத் தூங்கினேன். காலையில் கழுத்து பிடித்துக்கொண்டது.

"படிச்ச கழுத்தே சுளுக்கிக்கிச்சே!" என்றான் ரொட்டிக்கடைக்காரன். இனி என் வரைபடத்தை எவன் பார்ப்பான்?

அன்றிரவு பழச்சாராயம் தேய்த்துவிட வந்த தெசாங்கா, "மூடினாலும் நீ மறுபடி திறப்பே. காவலுக்கு இங்கேயே இருக்கேன்" என்று என் கட்டிலில் சாய்ந்தாள். திறந்தே கிடந்த ஜன்னலை மூடப் போனேன்.

"இருடா, இப்பத்தான் கண்ணு சொருகுது."

அதிலிருந்து தினமும் அங்கேதான், திறந்த ஜன்னலடியில் தூங்குகிறாள். மயக்கம் போயிற்று. ஊரில் கேட்டால் எனக்குக் காவலாம். எனக்குச் சமையலறைத் தரை.

உன் கம்பளிச் சால்வையை அனுப்பு. கடையில் வாங்காதே, உன்னுடையதே வேண்டும். விடியலில் அவளுக்குக் குளிர்கிறதாம்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

வூகாஷின்