கோழியின் கடைசிக் கோடு

அக்கா,

பெட்டிப் பலகையை அறுக்கும்போது வருகிற வாசத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய தேயிலைத் தூளும் பலகை ஒட்டிய பசையும் வாளின் சூட்டில் சேர்ந்து லேசாகக் கருகுமே, அந்த வாசம்தான். இன்று ஞாயிறு. உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிக்கிற பெட்டிக் காம்பரா பக்கமிருந்து அது எங்கள் லயத்து வீட்டுக்குள் வந்தது. "அக்கா அறுக்க உக்காந்துட்டாங்க போல" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நெஞ்சில் உறைத்தது. உங்களைப் புதைத்த இடத்தில் மண் இன்னும் அமரவில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. இருமல்தான், இஞ்சி போட்டுக் குடித்தால் போய்விடும் என்று என்னை ஏமாற்றிவிட்டு, இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் போவது?

கொஞ்ச நேரத்தில் மாரிமுத்து அண்ணன் வந்து நின்றார். தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிக்கிற நம் அண்ணன், உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முதல் ஆள். அவருக்குப் பின்னால் லிந்துலையில் தையல்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா. அண்ணன் கையில் ஒரு பலகை. அதில் ஒரு கோழி. கண், கொண்டை, இறகு, சிறகுக்குள் ஒண்டிய குஞ்சுகள் எல்லாவற்றையும் அறுத்து முடித்திருந்தார்கள். வெளிக்கோடு மட்டும் வெறும் பென்சில் கோடாகக் கிடந்தது.

"கடைசிக் கோட்டை நீதாம்மா அறுக்கணும்" என்றார் அண்ணன்.

"நான் மாட்டேண்ணே. வேற யாரையாச்சும் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வற்புறுத்தவில்லை. பலகையை வாசற்சுவரில் சாத்திவைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அறுக்கவும் பயம், அறுக்காமல் விடவும் மனசு வரவில்லை. என் எழுத்தைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

மலைக்குப் போகிற நாங்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற நம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு நீங்கள் ஆயாவாக வந்த வருஷம்தான் எனக்கு மூத்தவன் பிறந்தான். அந்த நீளமான அறையை இப்போது நினைத்தாலும் குளிர்கிறது. உத்தரத்தில் வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள். எல்லாம் ஒரே சாக்கு, ஒரே கயிறு, ஒரே அழுக்கு. காலையில் கொழுந்து நிறுவை முடிந்ததும் பால் கொடுக்க மலையிலிருந்து ஓடிவருவோம். முதுகுக்குப் பின்னால் கங்காணியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பனி மூடிய நாளில் உள்ளே போனால் கண்ணும் தெரியாது, பிள்ளையும் தெரியாது.

அன்றைக்கு நல்ல மழை. நனைந்த கம்பளியைக் கழற்றி எறிந்துவிட்டு, கைக்கு அகப்பட்ட தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அது பாதி வயிறு குடித்திருக்கும். செல்லம்மா வந்து முன்னால் நின்றாள்.

"அடியேய், அது எம்மகன்டி!"

என் மகன் மூலைத் தொட்டிலில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கத்தில் உடம்பே கூசியது. நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். "பெத்தவளுக்கே அடையாளம் தெரியலைன்னா, பெறாதவ நான் என்னத்த கண்டேன்!" கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஆம்பிளைகள்கூட என்னைக் கேலி பண்ணினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் சிரிப்பை மறைக்க வாயைத் துண்டால் மூடிக்கொண்டு போனார்.

தொட்டிலுக்குத் தொட்டில் வேறு வேறு நிறத்தில் துணி கட்டலாம் என்று அடுத்த ஞாயிறு நீங்கள் லிந்துலைக்குப் போனீர்கள். நானா கடையில் துண்டுத்துணி கேட்கப் போனவர், அவர் கையிலிருந்த வேலையைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டீர்கள். நூல் மாதிரி மெல்லிய வாள் ஒன்றைச் சட்டத்தில் பூட்டி, அவர் ஒரு பலகையில் கிளி அறுத்துக்கொண்டிருந்தாராம். விற்கிறதற்கா என்று கேட்டதற்கு, "சும்மா, மனசுக்குத்தான்" என்றாராம். சாயங்காலம் நீங்கள் துணியை மறந்துவிட்டு, தாளில் சுற்றிய வாள் ஒன்றோடு வந்து இறங்கினீர்கள். "ஏ புள்ள, துணி நனைஞ்சா சாயம் போயிரும். நான் மிருகம் செஞ்சு மாட்டப்போறேன்" என்றீர்கள். உங்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

அப்புறம் எப்படித்தான் அத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள்! ஓட்டை விழுந்த, முனை உடைந்த பெட்டிப் பலகைகளை தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டு வாங்கிக்கொடுத்தார் மாரிமுத்து அண்ணன். நானா தன் உடைந்த தையல் மெஷினின் மிதிகாலைக் கொடுத்தார். அதற்கு மேல் அண்ணன் மரக்கை ஒன்று பொருத்தினார். காலால் மிதித்தால் வாள் மேலும் கீழும் போய்வந்தது. தலவாக்கலை ரயில் நிலையத்தில் வேலை செய்த சிங்கள ஐயா ஒருவர் யானையும் மானும் வரைந்து கொண்டுவருவார். டிக்கோயாவிலிருந்துகூட ஒருவர் பஸ் ஏறி வருவார். யாருக்காவது வாள் முறிந்தால், சாவு வீடு மாதிரி எல்லோரும் சுற்றி நின்று துக்கம் விசாரிப்பீர்கள். அடுத்த வாரம் முறித்தவர் கையில் யாராவது ஒரு புது வாளைத் திணித்துவிடுவார்கள். யார் வேலையையும் யாரும் குறை சொல்ல மாட்டீர்கள். காது பிய்ந்த யானை ஒன்றைச் செய்தவரைப் பார்த்து நானா, "இது சண்டை போட்டுவந்த யானை போல" என்று சொல்ல, அவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

ஒருமுறை நீங்கள் வார்னிஷ் பூச வேண்டும் என்று ஆசைப்பட்டதும், அண்ணன் பதறினதும் நினைவிருக்கிறதா? தேயிலை பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். "அக்கா, கும்பிடுறேன்! தூள்ல அந்த வாடை ஏறிச்சுன்னா என்னையப் பெட்டிக்குள்ள வச்சு ஆணி அடிச்சிருவாங்க." அதற்குப் பிறகு எல்லா மிருகத்துக்கும் தேங்காயெண்ணெய்தான். பிள்ளைகள் வாயில் வைத்துச் சப்புவதற்கும் அதுதான் நல்லது என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டீர்கள்.

அந்த வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. கண்ணும் காதும் இறகும், உள்ளே இருக்கிறதெல்லாம் முதலில். வெளிக்கோடு கடைசியில். வெளியை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளப் பலகை இருக்காது. அதோடு நீங்கள் ஒரு வழக்கத்தையும் சேர்த்தீர்கள். உள்வேலையை யாரும் செய்யலாம். கடைசிக் கோட்டைப் பிள்ளையைப் பெற்றவள்தான் அறுக்க வேண்டும். அவள் கை பட்டு வெளியே வந்த மிருகத்தை எந்தப் பனியிலும் அவளுக்கு அடையாளம் தெரியும் என்பீர்கள்.

என் மகனுக்கு முயல். மெஷினில் உட்கார்ந்ததும் பலகையைப் போட்டு அழுத்தினேன். நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று சொன்னீர்கள்: "தள்ளாத புள்ள. பலகை தன்னால வரும். கால மட்டும் நிறுத்திராத." நிறுத்தினால் வாள் பலகையில் இறுகி, பட்டென்று முறிந்துவிடும். ஒரு காது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. ஆனாலும் முயல் என் மடியில் விழுந்தபோது, ரெண்டாம் தடவை பெற்ற மாதிரி இருந்தது எனக்கு.

அந்தக் காது கோணின முயல் அவன் தொட்டிலுக்கு மேலே ஆணியில் தொங்கியது. நான் வாசலில் வந்து நின்றால் முதலில் முயலைப் பார்ப்பேன், அப்புறம் அவனை. தவழ ஆரம்பித்திருந்தான். முயலைக் காட்டி "ம்பா" என்பான். அவனுக்கு உலகத்தில் எல்லாமே "ம்பா"தான்.

அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தோட்டத்து லொறியில், என் மடியில். குழிக்குள் வைக்கும்போது அவன் அப்பா முயலையும் பக்கத்தில் வைத்தார். அதற்கு மேல் அதைப்பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

பிறகு ஒரு நாள் விடியலில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனேன், கூடை கட்டினேன், கொழுந்து எடுத்தேன். பால் கொடுக்கிற நேரம் வந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். பாழாய்ப்போன என் காலும் ஓடியது. பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று மேலே பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது. ரவிக்கை நனைந்து ஒட்டிப்போயிருந்தது. திரும்பிப் போகவும் தெரியாமல் நின்றேன்.

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைத் தூக்கிவந்து, என்னைக் கீழே உட்காரவைத்து, மடியில் போட்டீர்கள். அதன் தாய் காய்ச்சலில் லயத்தில் கிடந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"இது யாரு புள்ள?" என்றேன்.

"அன்னிக்கு மட்டும் கேட்டுட்டா குடுத்த?" என்றீர்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அக்கா. சிரித்துக்கொண்டே அழுதேன். அந்தப் பிள்ளை குடித்து முடிக்கிற வரைக்கும் நீங்கள் என் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை. வெளியே கங்காணி கத்தினார். "அவ வருவா, போங்க" என்று நீங்கள் உள்ளேயிருந்தே கத்தினீர்கள். உங்கள் குரலுக்கு அவரும் அடங்கித்தான் போனார்.

எனக்குப் பிறகு ஒரு மகள் பிறந்தாள். அவளுக்கு மயில் என்று முடிவானது. மெஷினில் உட்காரச் சொன்னீர்கள். நான் மாட்டேன் என்றேன். யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு உங்களிடம் சொன்னேன்: "நான் அறுத்துவிட்டதுனாலதான் அவன் போயிட்டான். பலகையிலயே இருந்திருந்தா..." நீங்கள் என்னைத் திட்டவில்லை. "பலகையிலயே இருந்தா அது முயலா? பென்சில் கீறலு. ஒரு நாளாச்சும் முயலா தொங்குச்சுல்ல, அவனும் அதப் பாத்துச் சிரிச்சான்ல" என்றீர்கள். என் மனசு கேட்கவில்லை. மயிலை என் வீட்டுக்காரர்தான் அறுத்தார். "அது கெடக்கட்டும். இன்னொரு நாளைக்கு வருவா" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாளைத் தொடவில்லை.

உங்களைக் கட்டினவர் சீக்கிரமே போய்ச்சேர்ந்தார். பிள்ளை இல்லை. இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு உங்கள் சேலைக்குள் நுழையும். "ஒங்களுக்குன்னு ஒண்ணு செஞ்சுக்கங்களேன்" என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். "எனக்குன்னா கோழிதான். முட்டை போடாத கோழி" என்று சிரித்தீர்கள். பிறகு வாளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே, "செஞ்சாலும் கடைசிக் கோட்ட அறுக்க எனக்கு யாரு இருக்கா?" என்றீர்கள். எல்லோரும் அவரவர் கைவேலைக்குக் குனிந்துகொண்டார்கள். நானும்தான். ஆனால் அவர்கள் அதை மறக்கவில்லை பாருங்கள். குஞ்சு ஆளுக்கொன்றாக அறுத்திருக்கிறார்கள். எது நானாவின் கை, எது ரயில் ஐயாவின் கை என்று பார்த்தாலே தெரிகிறது. ஒரு குஞ்சுக்கு அலகு இல்லை. அது டிக்கோயாக்காரர்.

அக்கா, இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்வந்தேன். இப்போது விளக்கு வைக்கிற நேரம்.

சோறு குழைந்துபோயிருந்தது. அதை இறக்கிவைத்துவிட்டு, பலகையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு பெட்டிக் காம்பராவுக்கு நடந்தேன். எல்லோரும் இருந்தார்கள். அண்ணன் புது வாள் ஒன்றைப் பூட்டி, இறுகியிருக்கிறதா என்று சுண்டிப் பார்த்தார்.

"நான் பெத்தவ இல்லியே, அக்காவுக்குத் தங்கச்சி மாதிரிதானே" என்றேன். தப்பித்துக்கொள்ள அது ஒன்றுதான் என்னிடம் மிச்சமிருந்தது.

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாத்து அடையாளம் தெரிஞ்சவங்கதான் தாய், தங்கச்சி. ஒங்கள விட யாருக்கு அவங்களத் தெரியும்?" என்றார்.

நீங்கள் உட்காருகிற மணையில் உட்கார்ந்தேன். உங்கள் சாக்கு விரிப்பு அப்படியே இருந்தது. வாலில் தொடங்கி, முதுகு, கொண்டை, அலகு, நெஞ்சு என்று வந்தேன். அடிவயிற்றுப் பக்கம் வரும்போது கண் மறைத்தது. கோடு தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் யாருமில்லை. ஆனாலும் பலகையை நான் தள்ளவில்லை. அதுவாகத்தான் வந்தது. கோழி என் மடியில் விழுந்தது.

திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் தேயிலைப் பெட்டியில் குத்திய தோட்டத்து முத்திரை பாதி இருக்கிறது. அண்ணன் தேய்த்து எடுத்துவிடலாம் என்றார். இருக்கட்டும் என்றேன். தேங்காயெண்ணெய் பூசி வைத்திருக்கிறேன்.

நாளைக்குப் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைக்காம்பராவில் மாட்டிவிடுவேன். மூலையில் என் மகனின் முயல் தொங்கிய அந்த ஆணி இன்னும் இருக்கிறது. இத்தனை வருஷமும் அதில் நீங்கள் வேறெந்த மிருகத்தையும் தொங்கவிடவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, நீங்களும் சொன்னதில்லை. கோழிக்கு அந்த ஆணிதான்.

கை நடுங்கியது அக்கா. கால நிறுத்தல.