ஃப்ளைவீலுக்குக் காத்திருக்காமல்

என்னங்க,

வீட்டில் எல்லோரும் நலம்தானே? பாப்பாவுக்குச் சளி விட்டதா? மாமாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

சின்னதாக ஒன்று நடந்தது. பதறாதீர்கள், யாருக்கும் அடியில்லை. பந்தயப் படகு எஞ்சினை முடித்துக் கொடுத்தால் லீவு என்று பட்டறை முதலாளி சொல்லியிருந்தார் அல்லவா? அதன் சுழல்தண்டில் கனமான ஃப்ளைவீல் சக்கரம் போடுவதா, மெல்லிய ஃப்ளெக்ஸ்பிளேட் தட்டு போடுவதா என்று என்னிடம்தான் கேட்டார். அலையில் படகு துள்ளி, ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டு எழும்போது எஞ்சின் வேகம் எகிறாமல் பிடித்துவைக்க ஃப்ளைவீல்தான் சரி. ஆனால் அது வந்துசேர ஒரு மாதம் ஆகும். மெல்லிய தட்டு அலமாரியிலேயே இருந்தது. பாப்பா பள்ளியில் சேரும் நாளை நினைத்துக்கொண்டு, "இதுவே போதும் சார்" என்று சொல்லிவிட்டேன்.

சோதனை ஓட்டத்தில் தட்டு விரிசல் விட்டது. "ஏம்மா, படிச்ச பொண்ணு, இதுகூடவா தெரியல?" என்றார் முதலாளி. தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். தெரிந்தேதான் செய்தேன், உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஃப்ளைவீல் வந்து எஞ்சினைத் திரும்பப் பூட்டும்வரை லீவு கிடையாது.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள், ஷூ வாங்க வேண்டும். பென்சில் பட்டால் கூசிச் சிரிப்பாள், மெதுவாகவே வரையுங்கள்.

அறையில் கூட இருப்பவள் விளக்கை அணைக்கச் சொல்கிறாள். பள்ளி வாசலில் பாப்பாவை விட்டதும் ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்கள். அழுவாளே என்று பயந்து, கிளம்பிய அன்று நான் திரும்பாமலே வந்துவிட்டேன்.

பாப்பாவின் அம்மா