கறிச்சட்டியில் வெந்த கேக்

மச்சான்,

டேலி கணக்கு வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் இதைப் போனில் அனுப்புகிறேன். உங்கள் கூடப்பிறந்த லாத்தா இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதாகப் போன் செய்தார்கள். வாழைப்பழக் கேக்கை, நாம் கறி வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் வைத்திருக்கிறேன். நீங்கள் மஃரிப் தொழுதுவிட்டு வரும்போது வெந்திருக்கும். அதுவரை மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். சூடு போனால் நடுவில் அமுங்கிவிடும். மூடிக்கு அடியில் இருக்கும் துணியை எடுத்துவிடாதீர்கள். ஆவித் தண்ணீர் கேக்கில் சொட்டாமல் இருக்கத்தான் அது. ஈர்க்குச்சியைக் குத்தி, மாவு ஒட்டாமல் வந்தால் அணைத்துவிடுங்கள்.

போன தடவை லாத்தா இதே கேக்கைத் தின்றுவிட்டு, "ஏலே தம்பி, பஞ்சு கணக்கா இருக்கே, எங்கன வாங்குன?" என்று கேட்டபோது, கம்பம் டவுன் பேக்கரியில் என்று சொன்னீர்கள். நான் டீத் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். பிறகு ஏன் என்று கேட்டதற்கு, "கறி வேகுற சட்டில வெந்ததுன்னு சொன்னா யாரு வாயில வைப்பாக?" என்று சிரித்தீர்கள். டைரியில் எழுதிப் பார்த்தும் ஆறவில்லை. நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்றும் தோன்றுகிறது. ஆனால் கறி வாடை போகும்வரை அந்தச் சட்டியைப் புளி போட்டுத் தேய்க்கிறவள் நான்.

இன்றும் கடையில் வாங்கியது என்றுதான் சொல்வீர்கள் என்றால், இந்தக் கேக்கை அவர்களுக்கு எடுத்து வைக்க வேண்டாம். கம்பத்துக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுப் பாத்திமா மாமியிடம் இருக்கிறது.

சாதியா

இன்னொன்று. சோடா மாவு குறைந்துவிட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. கேக் கல்லாகப் போனாலும் நான் செய்தது என்றே சொல்லுங்கள்.