மூன்று வயதுக்காரி

கௌசல்யா அப்பாவுக்கு,

திருவனந்தபுரத்தில் ஒரு மியூசியத்தில் துடைக்கிற வேலை பார்க்கிறேன். எத்தியோப்பியாவில் தோண்டியெடுத்த ஆதிமனிதக் குழந்தை ஒன்றின் மண்டையோட்டைப் போல அச்செடுத்த ஒன்றைப் போன வாரம் இங்கே வைத்தார்கள். முப்பத்துமூன்று லட்சம் வருடம் பழையதாம். “மூணு வயசுப் பெண்குட்டி. முளைக்காத பல்லு தாடைக்குள்ள அப்படியே இருக்கு, கேட்டோ” என்று கைடு பிள்ளைகளிடம் சொன்னாள். அதற்கு மேல் என்னால் கண்ணாடியைத் துடைக்க முடியவில்லை.

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் கௌசல்யா இறந்த அன்றைக்கு, இடுகாட்டுக்குப் பெண்கள் வரக் கூடாது என்று என்னைப் பிடித்து வைத்தார்கள். நீங்கள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். வந்து எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுமாதம் நீங்களும் என்னை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டீர்கள்.

அந்தக் குழந்தை கிடைத்த இடத்தைப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நம்முடைய மூன்று வயதுக்காரியை எந்த மரத்தடியில் வைத்தீர்கள்?

நீங்கள் வர வேண்டாம். இடத்தை மட்டும் எழுதுங்கள்.

இன்னும் அவளுக்கு அம்மா