சீர்த்தட்டு ஒடிசா போய்ச் சேர்ந்தது, மாமா

கடைசி வரைக்கும் கார் சாவியை என் கையில் கொடுக்காத என் அன்பு மாமாவுக்கு,

போய்ச் சேர்ந்துவிட்டோம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும், "அந்தத் தம்பியா ஓட்டறாரு? சாமி, காப்பாத்து" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள். கையை எடுங்கள். ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு கீறல் இல்லை. போன வழியை மட்டும்தான் சொல்கிறேன். திரும்பும்போது விழுந்த ஒரே ஒரு கீறலைப் பற்றி உங்கள் மகள் கலா தனியாகச் சொல்லுவாள்.

உங்கள் பயத்துக்கு நியாயம் உண்டு. கல்யாணமான புதிதில் உங்கள் வெள்ளைக் காரை ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று நம் பனியன் கம்பெனி கேட்டைச் சாய்த்தவன் நான். அன்று நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. கேட்டை நிமிர்த்த ஆள் சொல்லிவிட்டு, சாவியை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டீர்கள். பதினோரு வருஷம் அது அங்கேயே இருந்தது. பக்கத்தில் இருக்கிற சேவூருக்குப் போனாலும் நீங்களோ கலாவோ ஓட்டுவீர்கள். நான் பின் சீட்டில் உங்கள் பேத்தி பாப்பாவோடு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு வருவேன். எனக்கு அது எவ்வளவு உறுத்தியது என்று உங்களிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன்.

மினதிக்குக் கொடுத்த வாக்கை மறந்திருக்க மாட்டீர்கள். பதினெட்டு வயதில் ஒடிசாவிலிருந்து வந்து, நம் செக்கிங் டேபிளில் எட்டு வருஷம் நின்ற பெண். ஒரு தையல் விட்டிருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பாள். கல்யாணம் நிச்சயமானபோது சாப்பாட்டு இடைவேளையில் கலாவிடம் சொல்லி அழுதாள். அப்பா இல்லை, அம்மாவுக்குக் கூடப்பிறந்த ஆண் பிள்ளை இல்லை, மாமன் வீட்டுச் சாமான் வராத கல்யாணம் என்று ஊரில் பேசுகிறார்களாம். நீங்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னீர்கள்:

"உனக்குத் தாய்மாமன் நானு கண்ணு. சீரு நான் கொண்டாறேன், நானே வண்டி ஓட்டீட்டு வாறேன். போயிச் சோறு உண்ணு."

அவள் போய்ச் சோறு உண்டாள். நான்கு மாதத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். இப்படிச் சொல்லிவிட்டா போவது, மாமா?

ஊரிலிருந்து மினதி போன் செய்து, யாரும் சிரமப்பட வேண்டாம், மாமா சொன்னதே எனக்குப் போதும் என்றாள். ஸ்பீக்கரில்தான் பேசினோம். அத்தை அடுப்படியிலிருந்து வந்தார். உங்களுக்குப் பிறகு அவர் அதிகம் பேசுவதில்லை. வெளியே கிளம்புவதும் இல்லை. அன்றைக்குப் போனை நோக்கிக் குனிந்து, "அவுங்க சொன்ன சொல்லு. கொண்டாந்து குடுத்துப்போடோணும் கண்ணு," என்றார். அதற்குப் பிறகு ரயிலா விமானமா என்று நாங்கள் பேசிப் பார்த்தோம். உங்கள் வண்டி போகாவிட்டால் அது உங்கள் சீர் ஆகாது என்று முடித்துவிட்டார்.

மூன்று நாளில் நிதானமாகப் போவது என்று திட்டம். கலாவுக்குக் கழுத்து வலி என்பதால் ஆக்டிங் டிரைவர் ஒருவரைச் சொல்லி வைத்திருந்தோம். கிளம்புகிற அன்று பார்த்து, ஏற்றுமதிக்குப் போக வேண்டிய ஒரு லாட் சரக்கு இன்ஸ்பெக்‌ஷனில் விழுந்தது. மொத்தத்தையும் பிரித்து ரீ-செக் செய்து அனுப்புவதில் ஒரு நாள் முழுசாகப் போனது. டிரைவர், இரண்டு நாளில் அவ்வளவு தூரம் நம்மால் ஆகாதுங்க என்று கழன்றுகொண்டார். லக்னம் ஆறேகாலுக்கு என்று மினதி சொல்லியிருந்தாள். இனி எப்படிப் போய் எட்டுவது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அத்தை சாமி அறைக்குள் போனார். உங்கள் படத்துக்குக் கீழேயிருந்து சாவியை எடுத்து வந்தார். என்னோடு நேருக்கு நேர் நின்று பேசிப் பழக்கமில்லாதவர், அன்று என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்களே ஓட்டுங்க மாப்ளே."

சாவியை வாங்கியதும் முதல் வேலையாகக் கேட்டை அகலத் திறந்து வைத்தேன், மாமா. பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் வெள்ளென நான்கு மணிக்குக் கிளம்பினோம். டிக்கியில் ஐந்து பித்தளைத் தட்டு, பட்டுச்சேலை, மஞ்சள், தேங்காய், வெல்லம். மேலே கேரியரில் ஒரு பெட்டி நிறைய மினதி ஊர்ப் பிள்ளைகளுக்கு டீ-சர்ட். அத்தை முன் சீட்டில். ஆமாம், உங்கள் இடத்தில் நான், என் பக்கத்தில் அத்தை. அவிநாசி தாண்டும் வரை கலா பின்னாலிருந்து பிரேக், பிரேக் என்று காலை உதைத்துக்கொண்டே வந்தாள். சேலம் தாண்டியதும் தூங்கிவிட்டாள். அதை எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் அத்தை உங்களைப் போலவே ஆகிவிட்டார். லாரியை முந்தப் போனால், "அவன் போகட்டுமுங்க" என்பார். டீக்கடை தெரிந்தால், "ஒரு வாய் குடிச்சுப்போட்டுப் போலாமுங்க" என்பார். ஓங்கோலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய பையன் போட்டிருந்த பனியனைக் கலா கண் கொட்டாமல் பார்த்தாள். அவன் பயந்துபோனான். கடைசியில் அவன் கைப்பக்கத் தையலில் தொங்கிய நூலைத் தொட்டே பார்த்துவிட்டு, "நம்மூருதானுங்க, ஆனா ட்ரிம்மிங் சரியில்ல," என்று எங்களிடம் தீர்ப்புச் சொன்னாள். அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பு வரப் பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் வரவில்லை.

கோதாவரிப் பாலத்தில் வண்டியை மெதுவாக விடச் சொன்னார். அவ்வளவு தண்ணீரை அவர் பார்த்ததில்லை. "இவுங்க இருந்திருந்தா எறங்கிக் குளிச்சுப்போட்டுத்தான் வருவாங்க," என்றார். அந்த வாக்கைத் தவிர, உங்கள் பேச்சை அவராக எடுத்தது அதுதான் முதல் தடவை. பிறகு விசாகப்பட்டினம் வரை உங்கள் கதைதான். நீங்கள் பொண்ணு பார்க்கப் போனபோது வண்டி பஞ்சராகி, மாட்டு வண்டியில் வந்து இறங்கிய கதையை என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?

இரண்டாம் நாள் ஒடிசா எல்லையில் இச்சாபுரத்தில் ஒரு லாட்ஜ். மினதியைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. ஆறுக்குள் வந்துவிடுவோம் என்று பாப்பா மெசேஜ் அனுப்பினாள். சரிங்க என்று பதில் வந்தது. விடியுமுன்பே குளித்து, எல்லோரும் பட்டுடுத்தி, தட்டுகளைத் தயார் செய்து மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். குறுகலான சாலை, பனி, வழியில் எருமைக் கூட்டம். பாப்பா போனைப் பார்த்து இடது, வலது என்று கத்தக் கத்த நான் ஓட்டிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருந்தால் பாதி வழியில் இறங்கிப் போயிருப்பீர்கள். ஆறு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அந்தத் தெருவுக்குள் வண்டியை நிறுத்தினேன்.

பந்தல் காலியாக இருந்தது.

மேளம் இல்லை, ஆள் இல்லை. ஒரு பெரியவர் மட்டும் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கலா தன் கம்பெனி ஹிந்தியில் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். அவர் எங்கள் பட்டையும் தட்டையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேற்கே கையைக் காட்டி ஏதோ சொன்னார். வேறு ஊரில் முடிந்துவிட்டது என்கிறாரா? நேற்றே முடிந்ததா? அத்தை தட்டோடு பந்தல் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தார்.

"முடிஞ்சு போச்சாட்ட இருக்குது மாப்ளே. அவுங்க சொல்லு பொய்யாப் போச்சு."

 பதினோரு வருஷம் கழித்துக் கையில் வந்த சாவி, அதையும் கொண்டுபோய்க் கேட்டில் மோதிவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போது பக்கத்து வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு முகமெல்லாம் மஞ்சளோடு ஒருத்தி ஓடி வந்தாள். மினதி.

"என்னங்க அத்தை, இந்நேரத்துக்கு வந்து உக்காந்திருக்கறீங்க? கல்யாணம் சாயந்தரமுங்க!"

அவர்கள் ஊரில் சூரியன் சாய்ந்த பிறகுதான் கல்யாணமாம். முகூர்த்தம் என்றால் கோழி கூவும் நேரம் என்று நமக்குள் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. காலையா மாலையா என்று கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெரியவர் காட்டியது சூரியன் இறங்கும் இடம். அத்தை ஒரு நிமிஷம் மினதியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தார். தட்டில் இருந்த தேங்காய் உருண்டு ஓடும் அளவுக்குச் சிரித்தார். நீங்கள் போன பிறகு அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்கவே இல்லை, மாமா. கலா அழுதுவிட்டாள்.

பன்னிரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்த விருந்தாளிகளை அந்த ஊர் கொண்டாடியது. பகலெல்லாம் தூங்கினோம், உண்டோம். பெட்டியைப் பிரித்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரி நீல டீ-சர்ட்டில் திரிந்தார்கள்.

சாயந்தரம் சீர் எடுக்கும் நேரத்தில் அத்தை பின்வாங்கினார். வருஷம் திரும்பாத வீடு, நான் தொட்டால் நல்லதில்லை, கலா தூக்கட்டும் என்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. விஷயம் உள்ளே போய், கல்யாணக் கோலத்தில் மினதியே எழுந்து வந்துவிட்டாள்.

"மாமா வாறேன்னு சொன்னாருங்க அத்தை. நீங்க தூக்குனாத்தானுங்க அது மாமன் சீரு. நீங்க தூக்காட்டி நான் போயி உக்கார மாட்டனுங்க."

 அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். பெரிய தட்டைத் தூக்கினார்.

தெரு முழுக்க நடந்தோம், மாமா. முன்னால் அவர்கள் ஊர் மேளம், சங்கு, பெண்களின் குலவை. நடுவில் அத்தை. வழியில் நின்றவர்கள் யார் இவர்கள் என்று கேட்கக் கேட்க, மினதியின் அம்மா ஒவ்வொருத்தரிடமும் தலை நிமிர்த்தி ஒரே வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தார்: மாமு வீடு. மாமன் வீட்டுக்காரர்கள். அத்தைக்கு அது புரிந்தது. முதுகு நிமிர்ந்து, நடை மாறியது. நீங்கள் சந்தைக்குப் போகும்போது நடப்பீர்களே, அந்த நடை. நம் கம்பெனி ஆர்டர் பிடித்த நாளெல்லாம் பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி ஒரு ஜெயிப்பை நான் பார்த்ததில்லை. உங்கள் சொல் பொய்யாகவில்லை.

கிளம்பும்போது மினதி என் காலில் விழ வந்தாள். தடுத்தேன். உங்களை மாமா என்றவள் என்னை அண்ணா என்பாள், அது தெரிந்ததுதான். முறையை அத்தைதான் வண்டியில் எடுத்துச் சொன்னார். "அவுங்க அவளுக்குத் தாய்மாமன், நீங்க அண்ணன். நாளைக்கு அவ பிள்ளைக்கு யாருங்க மாப்ளே தாய்மாமன்?"

நான்தான்.

ஆகவே இந்தச் சத்தியம்: அந்தப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொள்ளும். சீர்த்தட்டோடு அத்தையைக் கூட்டிக்கொண்டு அதே வண்டியில் போவேன், நானே ஓட்டிக்கொண்டு. நேரம் காலையா மாலையா என்று இந்த முறை கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். சாவியைத் திரும்ப உங்கள் படத்துக்குக் கீழே வைக்கப் போனேன். அத்தை வேண்டாம் என்றுவிட்டார். அது இப்போது என் வேட்டி மடிப்பில் இருக்கிறது.

முன் சீட்டிலிருந்து,
உங்கள் மாப்பிள்ளை